எல்ஸி திருப்பிவிட்ட வழி

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே எல்ஸிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காம் நாள் விடியற்காலையில் கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் ஈப்போவில் பஸ் ஓட்டுகிறவர்; ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, சுடுதண்ணீரில் உப்பைக் கரைத்து அவள் கையில் கொடுத்தார்.

"பதினாறு வருசம் கையுறை ஃபேக்டரியில மிசின் சத்தத்துக்கு மேல கத்திக்கிட்டு இருந்தே. அப்பல்லாம் ஒன்னும் ஆகலையே?"

"அங்க நான் சொன்னா கேட்டாங்க," என்று எல்ஸி கிசுகிசுத்தாள். "இங்க ஒரு ஆளும் கேக்க மாட்றாங்க லா."

ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் புதிதாக இலகு ரயில் போட ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் அதை எல்ஆர்டி என்றுதான் சொன்னார்கள். அந்தப் பாதை தாமான் கல்லுமலையை ஒட்டிப் போனது. இருபது வருடத்துக்கு முன்னால் கல்லுமலைத் தோட்டத்தை விற்றபோது, அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகள்தான் அந்தத் தாமான். இருநூற்றுச் சொச்சம் வீடு. எல்ஸியின் வீடு நாலாவது வரிசையில் கடைசி. தாமானுக்குள் ஒரு மளிகைக் கடையும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு சின்ன ஜெபக்கூடமும் ஒரு பொது மண்டபமும் இருந்தன. மற்றதெல்லாம் எதிர்ப்பக்கம், பெரிய சாலையோரம். தமிழ்ப்பள்ளி, அரசாங்கக் கிளினிக், பஸ் நிறுத்தம், டயாலிசிஸ் நிலையம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கேதான். நடுவில் ஒரு மண் பாதை. அதில் இறங்கி நடந்தால் எட்டு நிமிடத்தில் பெரிய சாலை.

ரயில் பாதை அந்த மண் பாதையை வெட்டிக்கொண்டு போயிற்று. வேலையை எடுத்த குத்தகைக்காரர்கள் இரண்டு பக்கமும் நீலத் தகரத்தால் வேலி அடைத்து, மக்கள் நடந்துபோக மட்டும் ஒரு திறப்பு விட்டார்கள். இரண்டு வேலிக்கும் நடுவே மண் லோரியும் சிமெண்டு லோரியும் போவதும் வருவதுமாக இருக்கும். லோரி வரும்போது ஆட்களை நிறுத்தி, போனதும் விட வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஃபேக்டரியில் ஆட்குறைப்பு செய்து ஐந்து மாதமாகி, நாற்பத்தாறு வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று எல்ஸி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்றதும் போய்ப் பெயர் கொடுத்தாள். ஓர் ஆரஞ்சு நிற மேலங்கி, கால் அளவுக்குக் கொஞ்சம் பெரிய பூட்ஸ், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாய்க் கம்பு வைத்த பலகை. அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

நிறுத்த வேண்டிய ஆட்கள் எல்லாம் தெரிந்தவர்கள். அதுதான் சிக்கல். "எங்க வழியில எங்களையே நிறுத்துறியா எல்ஸி?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் கத்துவாள், அவர்கள் கை காட்டிவிட்டு நடப்பார்கள். லோரிக்காரன் பிரேக்கை அழுத்தி ஹாரன் அடிப்பான். அப்புறம்தான் துள்ளி ஓடுவார்கள்.

குரல் போன அன்று எல்ஸிக்குக் கத்த வழியில்லை. பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. தாமானிலிருந்து வருகிறவர்கள் கண் எல்லாம் எதிரே பஸ் நிறுத்தத்தின் மேல் இருந்தது. பஸ் வந்துவிட்டதா, இல்லையா என்ற ஒரே கவலை. திரும்பி வருகிறவர்கள் கையில் பையோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். லோரி வருகிற பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. திறப்புக்கு நேரே திறப்பு, கால் தானாகப் போயிற்று.

சிவப்பும் வெள்ளையுமாய் நீளமான பிளாஸ்டிக் தடுப்புகள் கொஞ்சம் ஓரமாகக் கிடந்தன. தண்ணீர் ஊற்றி நிரப்பினால் அசையாது, வடித்துவிட்டால் ஒரு பெண்பிள்ளையே இழுக்கலாம். மத்தியானம் லோரிகள் நின்ற நேரத்தில் எல்ஸி எட்டுத் தடுப்புகளை இழுத்து வந்தாள். திறப்பிலிருந்து நேராகக் குறுக்கே போக முடியாதபடி வைத்தாள். யார் வந்தாலும் முதலில் வலது பக்கம் திரும்பி ஆறேழு அடி நடக்க வேண்டும். அப்படி நடக்கும்போது முகம் லோரி வருகிற திசையைப் பார்த்தபடி இருக்கும். அதற்கப்புறம்தான் இடது பக்கம் திரும்பிக் குறுக்கே போகலாம். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி வைத்தாள். ஹோஸ் குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி முடித்தபோது மேலங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மாலை நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்த பெண்கள் வளைவுக்குள் நுழைந்தார்கள், திரும்பினார்கள், எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் லோரியைப் பார்த்தார்கள், தாங்களாகவே நின்றார்கள். எல்ஸி பலகையைத் தூக்கக்கூட இல்லை.

மறுநாள் தளக் கண்காணிப்பாளர் சுரேன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். முப்பது வயது இருக்கும், புந்தோங்கில் வீடு. "அக்கா, இது பிளான்ல இல்லையே. யாரு வைக்கச் சொன்னா?"

எல்ஸி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

சுரேன் அரை மணி நேரம் நின்று பார்த்தான். பன்னிரண்டு பேர் போனார்கள், இரண்டு லோரி வந்தது, ஹாரன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "சரி, கெடக்கட்டும்லா. யாராச்சும் கேட்டா நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. எல்ஸிக்குக் குரல் திரும்பியது. வேலை பிடித்துப்போனது. யார் எத்தனை மணிக்கு வருவார்கள், யாருக்கு முழங்கால் வலி, யார் மழைக்கு முன்னாடி ஓடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை தகர வேலியில் பெரிய படம் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லுமலை ஸ்டேசன் கட்டி முடித்ததும் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். வெள்ளைக் கூரை, கண்ணாடி, மரங்கள், பை மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஆட்கள். எல்ஸி ஆசையாகத்தான் பார்த்தாள். பெரிய சாலைப் பக்கம் அகலமான வாசல், படிக்கட்டு, சக்கர நாற்காலிக்குச் சரிவு, கார் நிறுத்துமிடம் எல்லாம் இருந்தது. தாமான் பக்கம் எங்கே என்று தேடினாள். அங்கே நீளமாக ஒரு வேலி இருந்தது. வேலியோரம் பச்சைச் செடிகள் வரைந்திருந்தார்கள்.

"சுரேன், நம்ம பக்கம் வாசல் எங்க?"

சுரேன் கொஞ்சம் தயங்கினான். "ரோட்டுப் பக்கம் மட்டும்தான்கா வாசல். இந்தப் பக்கம் ஜனம் கம்மின்னு சர்வேயில வந்திருக்கு."

"அப்ப நாங்க எப்படிப் போறது?"

"ரோட்டுப் பாலம் இருக்குல்ல, அத சுத்தி வரணும்."

"இது?" என்று எல்ஸி தன் காலடியைக் காட்டினாள்.

"இது டெம்பரரிக்கா. வேலை முடிஞ்சா ரெண்டு பக்கமும் அடைச்சிருவாங்க."

எல்ஸி அன்று முழுக்கப் பலகையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். மனம் அதில் இல்லை. பாலத்தைச் சுற்றினால் ஒன்றரைக் கிலோமீட்டர். இத்தனை நாளும் ஊரார் போக வழிகாட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மூடப்போகிற கதவுக்குத்தான் காவல் நின்றிருக்கிறாள். வீட்டுக்குப் போய் ஸ்டானிஸ்லாஸிடம் சொன்னாள். தாமானில் வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. நீ அங்கேதானே நிற்கிறாய், உனக்கு முன்பே தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வது?

வியாழக்கிழமை தோறும் ஸ்டேசன் வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து கலாதேவி என்ற பொறியாளர் வந்து தளத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். ஹுத்தான் மெலிந்தாங்கில் பிறந்து, படித்து, ஈப்போவுக்கு வேலைக்கு வந்தவள். அந்த வாரம் அவள் எல்ஸியின் வளைவுக்கு முன்னால் நின்று, தாமான் பக்கமிருந்து ஒருமுறை, சாலைப் பக்கமிருந்து ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"அக்கா, இத யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லம்மா. கத்திக் கத்தி முடியல, அதான்."

கலாதேவி சிரித்தாள். "தண்டவாளத்தத் தரையிலயே கடக்கிற எடத்துல இப்படித்தான் வைக்கணும்னு எங்க புஸ்தகத்துல இருக்கு. ரயில் வர்ற பக்கம் ஆளத் திருப்பிவிட்டுட்டு அப்புறம் குறுக்க விடணும். நான் படிச்சிருக்கேன், நேர்ல இப்பதான் பாக்குறேன்."

எல்ஸிக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் இருந்ததுதான் வெளியே வந்தது. "அப்ப அதையே நிரந்தரமா வச்சிட்டுப் போங்களேன். எங்க பக்கம் வாசலே இல்லையாமே?"

கலாதேவி கைக்கணினியைத் திறந்து பார்த்தாள். ஆள் எண்ணிக்கை இரண்டு நாள் எடுத்திருந்தார்கள். தேதியை வாசித்ததும் எல்ஸி சொன்னாள்: "அது ஸ்கூல் லீவும்மா. ஃபேக்டரிகூட அந்த வாரம் பாதி ஆளு லீவு. தாமானே காலியா கெடந்துச்சு."

கலாதேவி மறுபடியும் தேதியைப் பார்த்தாள். "டிராயிங் பாஸ் ஆயிருச்சுக்கா. இனி மாத்தணும்னா வலுவா ஒரு காரணம் காட்டணும். பாக்குறேன்," என்றாள். 'பாக்குறேன்' என்ற வார்த்தையை எல்ஸி ஃபேக்டரியில் நிறையக் கேட்டிருக்கிறாள். அதனால் அதை நம்பவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அடுத்த வாரம் நடைமேடைக்குக் கான்கிரீட் ஊற்றும் வேலை தொடங்கியது. பதினொரு நாளைக்கு வழி முழுவதுமாக மூடப்படும் என்று மலாயில் அச்சடித்த காகிதத்தைத் தகரத்தில் ஒட்டினார்கள். எல்ஸியின் வேலை இப்போது மாறிவிட்டது. வருகிற ஆட்களை எல்லாம் பாலத்துப் பக்கம் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் இரண்டு நாள் வசவும் முணுமுணுப்பும். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு மங்களம் வந்தாள். எல்ஸிக்கு அடுத்த வரிசை வீடு, ஐம்பத்தெட்டு வயது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ் நிலையத்தில் ரத்தம் கழுவ வேண்டும். தோளில் அந்தப் பெரிய பை. உள்ளே போர்வையும் ரொட்டியும் சுடுநீர்க் குடுவையும் இருக்கும்.

"எல்ஸி, ஒரு நிமிசம்தான். அந்த ஓரமா போயிர்றேன்."

பின்னால் சிமெண்டு லோரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. சுரேன் வேறு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "போர்டு போட்டிருக்காங்கக்கா," என்றாள் எல்ஸி. "யாரையும் விடக்கூடாதாம்."

மங்களம் திரும்பி நடந்தாள்.

போகும்போது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டாள். நாலு மணி நேரம் ரத்தம் கழுவி, தலை கிறுகிறுக்கத் திரும்பி வரும்போதுதான் நடந்தது. பாலத்துச் சாலையில் நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் புல், அதற்கு அடுத்து கால்வாய். பின்னால் வந்த லோரிக்கு ஒதுங்கியவள் கால் வழுக்கி உள்ளே விழுந்தாள். மோட்டோவில் போன இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

செய்தி தாமானுக்கு எல்ஸிக்கு முன்னாலேயே போய்விட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சத்தமாகவே கேட்டாள்: "நீதானே திருப்பி வுட்டே?"

எல்ஸி நிற்காமல் வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து மங்களம் வந்ததும் ஸ்டானிஸ்லாஸோடு போய்ப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு மங்களம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல வேளை, ஊசி குத்துற கை தப்பிச்சிருச்சு," என்று மங்களமே பேச்சை ஆரம்பித்தாள். எல்ஸி அழத் தொடங்கியதும், "அட, நீ என்னா பண்ணுவே? ஒன் வேலை அது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா எல்ஸி, நீ என் மூஞ்சப் பாத்து சொல்லிருக்கலாம். போர்டப் பாத்துக்கிட்டு சொன்னே," என்றாள்.

அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு எல்ஸி வீட்டுக்கு வந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்தார்.

புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போனாள். ஆனால் பலகையைக் கையில் எடுக்கவில்லை. நேராகச் சுரேனின் கண்டெய்னர் அலுவலகத்துக்குப் போனாள்.

"சுரேன், இன்னிலேருந்து நான் யாரையும் திருப்ப மாட்டேன். வேற ஆளு போட்டுக்குங்க."

"அக்கா, என்னாக்கா நீங்க. வேலை போயிரும்."

"போகட்டும். ஆனா ஒன்னு கேளுங்க. காலையில ஆறரையிலேருந்து எட்டு மணி வரைக்கும் டவுனுக்குள்ள லோரி விட மாட்டாங்க. அந்த நேரத்துல இங்க ஒரு சிமெண்டு லோரிகூட வந்ததில்ல. மத்தியானம் பன்னெண்டரையிலேருந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம், அப்பவும் வராது. அந்த ரெண்டு நேரமும் தொறந்து விட்டா என்ன கெட்டுப்போச்சு? மூனு மாசமா இங்கதான் நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

சுரேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவள் சொன்னது உண்மை என்று அவனுக்கும் தெரியும். "நான் மட்டும் முடிவு பண்ண முடியாதுக்கா. மேல கையெழுத்து வேணும்."

"கலாதேவி நம்பர் இருக்கா? போட்டுக் குடுங்க."

போனில் எல்ஸி நீளமாகப் பேசவில்லை. "நீங்க வாங்கம்மா. வந்து ஒரு தடவ நடங்க. அப்புறம் என்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

ஒரு மணி வெயிலில் கலாதேவி வந்து இறங்கினாள். எல்ஸி தாமானுக்குப் போய் மங்களத்தின் பையை அப்படியே வாங்கி வந்திருந்தாள். "இத மாட்டிக்குங்க. வெறும் கைய வீசிக்கிட்டு நடந்தா தெரியாது," என்று கலாதேவி தோளில் மாட்டிவிட்டாள். இருவரும் மங்களத்தின் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினார்கள்.

தாமானைத் தாண்டும் வரை மர நிழல் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பாலத்து ஏற்றத்தில் கலாதேவி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். லோரி ஒன்று பக்கத்தில் உராய்கிற மாதிரி போனது. அடித்த காற்றில் அவள் குடை மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. அதை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். புல்லில் நடந்தால் கால் சறுக்கியது. கோட்டில் நடந்தால் பின்னால் ஹாரன் அடித்தார்கள். இருவரும் முன்னும் பின்னுமாகத்தான் போக முடிந்தது, அதனால் பேசிக்கொள்ளவும் வழியில்லை.

பாலம் இறங்கும் இடத்தில் எல்ஸி நின்றாள். "இந்த எடந்தான்."

கால்வாயின் அடியில், கால் முழம் தண்ணீரில், ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஊதா வார் வைத்த ரப்பர் செருப்பு. கலாதேவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கைக்கெட்டாமல், குடையின் கம்பியால் அதைக் கிளறி மேலே எடுத்தாள்.

"இந்தப் பாலத்துல நூறு தடவ கார்ல போயிருக்கேன்கா," என்றாள். "கால்வாய் இருக்கிறதே தெரியாது."

டயாலிசிஸ் நிலையத்து வாசலை அடைந்தபோது முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. கலாதேவி படியில் உட்கார்ந்து எல்ஸி நீட்டிய தண்ணீரைக் குடித்தாள். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து யார் யாருக்கோ போன் செய்தாள். ஒருவரிடம் மலாயில் கொஞ்சம் சூடாகவே பேசினாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வழி திறந்தது. ஒரு பக்கம் எல்ஸி நின்றாள், மறுபக்கம் சுரேனே நின்றான். மங்களத்தை அவள் மகள் ஷாமினி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். இந்த முறை எல்ஸி பலகையைக் கீழே வைத்துவிட்டு, மங்களத்தின் முகத்தைப் பார்த்து, "வாங்கக்கா, போலாம்," என்றாள். சாலை வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள்.

அதோடு முடியவில்லை. கலாதேவி மேலிடத்தில் போராடி, பள்ளி நடக்கும் வாரத்தில் மறுபடியும் ஆள் எண்ண அனுமதி வாங்கினாள். காலை இரண்டு மணி நேரத்தில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கடந்தார்கள். பழைய கணக்கில் அந்த நேரத்துக்கு முப்பத்தெட்டு என்று இருந்தது. எண்ண வந்தவர்களே தங்கள் கருவி கெட்டுவிட்டதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் தாமான் பொது மண்டபத்தில் ஒரு சந்திப்பு வைத்தார்கள். ரயில் திட்டத்திலிருந்து ஒரு மலாய் அதிகாரி வந்திருந்தார். நிதானமான மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். மின்தூக்கி வைத்த மேம்பாலம் இந்த ஸ்டேசனுக்கு முடியாது, இடமும் இல்லை என்றார். நடைமேடையின் கடைசியில் தரையோடு கடக்கிற வழி ஒன்று கேட்கிறார்கள், ஆனால் ஜனங்கள் பார்க்காமல் தண்டவாளத்தில் இறங்கினால் யார் பொறுப்பு என்று கேட்டார். மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. கலாதேவி எழுந்து, "இவங்க சொல்லட்டும்," என்று எல்ஸியைக் காட்டினாள்.

எல்ஸி எழுந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் இதுவரை எழுந்து நின்றதில்லை. வாய் திறந்தால் மறுபடியும் காற்றுதான் வரும்போல இருந்தது. அதனால் பேசவில்லை. சுவரோரம் அடுக்கி வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துவந்து, மண்டபத்தின் நடுவே தன் வளைவை அப்படியே வைத்தாள். நடுவில் காலி இடம் விட்டு, "இது தண்டவாளம்," என்றாள். பிறகு அதிகாரியிடம் போய், "என்சே, சீலாக்கான்," என்று கையைக் காட்டினாள். ஐயா, வாருங்கள் என்று அர்த்தம்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூச்சமாகச் சிரித்துக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் நுழைந்தார். வலது பக்கம் திரும்பினார். எல்ஸி தண்டவாளத்தின் மறுகோடிக்குப் போய் நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அவரை நோக்கி வேகமாக நடந்து வந்தாள். அதிகாரி சட்டென்று நின்றார்.

"யாரு நிப்பாட்டச் சொன்னா?" என்று எல்ஸி தமிழில் கேட்டாள். கலாதேவி அதை மலாயில் சொன்னாள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. "போலே, போலே," என்றார். செய்யலாம் என்ற அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும், பின்வரிசையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மங்களம் முதல் ஆளாக மறு கையால் தொடையில் தட்டினாள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. வழிக்குக் கூரை கேட்டார்கள், கிடைக்கவில்லை; மழை பெய்தால் இன்றைக்கும் நனைந்துகொண்டுதான் போக வேண்டும். சக்கர நாற்காலிக்கான சரிவை முதலில் செங்குத்தாகக் கட்டிவிட்டு, இடித்து மறுபடி கட்டினார்கள். வேலை ஆறு வாரம் தள்ளிப்போனதற்குக் கலாதேவிக்கு அலுவலகத்தில் திட்டு விழுந்தது. அதை அவளே ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் படத்தில் செடி வரைந்திருந்த இடத்தில் இப்போது ஒரு வாசல் இருக்கிறது. இரும்புக் கம்பிகளால் வளைத்த வழி, ரயில் வரும்போது மணி அடித்து மூடிக்கொள்ளும் சின்னக் கதவு, கண் தெரியாதவர்களுக்குத் தரையில் புடைப்பு வைத்த மஞ்சள் கல். மங்களத்தின் மணிக்கட்டு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. வாரத்தில் மூன்று நாள் அந்த வழியாகத்தான் போகிறாள். மளிகைக் கடை வாசலில் அன்றைக்குக் கேள்வி கேட்டவளும் எல்ஸியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

வேலி பிரித்ததோடு எல்ஸியின் வேலையும் முடிந்தது. இரண்டு வாரம் வீட்டில் இருந்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள், அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். மூன்றாவது வாரம் சுரேன் போன் செய்தான்.

"அக்கா, பாதைய எங்க பக்கம் நீட்டுறாங்க. புந்தோங்ல அடுத்த ஸ்டேசன். வாரீங்களா? வேலி அடைக்கிறதுக்கு முன்னாடியே உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க கலாதேவி."

"எப்ப வரணும்?"

"நாளைக்கே வந்தாலும் சரி."

ஸ்டானிஸ்லாஸ் தன் பஸ்ஸிலேயே அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். புந்தோங் சாலை கல்லுமலையைப் போல் இல்லை. இரண்டு பக்கமும் கடைகள், வரிசையாக மோட்டோ, பூக்கடை, ஜவுளிக்கடை, ஒரு நிமிடம் ஓயாத கூட்டம். வேலி அடைக்கப்போகிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். எல்ஸி அந்தக் கோட்டின் மேல் நின்று, ஆட்கள் எங்கே பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்தாள்.

அப்போது பக்கத்துக் கோயில் நிர்வாகத்திலிருந்து சன்னாசி என்ற பெரியவர் வேகவேகமாக வந்தார். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் எல்ஸியின் மேலங்கியைப் பார்த்து அவளிடமே வந்தார்.

"ஏம்மா, இங்கதான் அடைக்கப் போறாங்களா? அடுத்த மாசம் எங்க திருவிழா. தேரு இந்த வழியாத்தான் வரும், வேற வழியே கெடையாது. அதெல்லாம் இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா," என்றாள் எல்ஸி. "இப்பத்தான் நீங்க சொல்றீங்க. வாங்க, இப்படி நிழல்ல நின்னு பேசலாம். தேரு எத்தன அடி அகலம்?"

சன்னாசி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "சரியா தெரியலையேம்மா."

"அப்ப போயி அளந்துட்டு வந்திரலாம்," என்று எல்ஸி சுரேனிடம் டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவரோடு கோயில் பக்கம் நடந்தாள்.